முகம் மட்டும் வெறும் தாள்: டோக்கியோவில் ஆறு நாள்

முதல் நாள், புதன்: யனாக்கா

என் வீட்டு ஹாலில் ஒரு ஜப்பானியப் பெண் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கினேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் உட்டமாரோவின் மரக்கட்டை அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து, கித்தானில் ஆயில் பெயின்டால் யாரோ வரைந்தது. 'முழுக்கக் கையால் வரைந்தது' என்பதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்து. பார்சலைப் பிரித்த அன்றைக்கே ஏதோ உறுத்தியது. கொண்டை ஹெல்மெட் மாதிரி ஒரே கறுப்பு. கன்னத்தில் ரோஸ் தடவி, மூக்குக்குப் பக்கத்தில் நிழல்கூடப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தாள்; ஆனால் ரிசப்ஷனுக்கு மேக்கப் போட்டு மேடையில் உட்கார வைத்த அழகு. விற்றவர்களுக்கு மெயில் அனுப்பினேன். கையால் வரைந்தால் சின்னச் சின்ன மாறுதல் இருக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது.

எனக்குத் தொழில் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன். பதினெட்டு வருடமாகக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டுப் புத்தக அட்டை. எங்கள் தொழிலில் அச்சடித்தது மலிவு, கையால் வரைந்தது உசத்தி. அப்படிப் பார்த்தால் அச்சுப்படத்தைக் கையால் வரையும்போது அது ஒரு படி ஏற வேண்டும். ஏன் இறங்கியது? இந்த ஒரு கேள்விக்காக லீவு போட்டு டோக்கியோ போகிறேன் என்று ஆபீஸில் சொல்ல முடியுமா? செர்ரிப் பூ பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்டோபர் செர்ரி சீசனே இல்லை. நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். நெசு பக்கம் ஒரு சின்ன விடுதி. பெட்டியைத் திறந்து வைத்தால் அறைக் கதவைத் திறக்க முடியாது. காலையில் நடந்தே யனாக்காவுக்குப் போனேன். 1923 பூகம்பத்திலும் அப்புறம் வந்த போரிலும் பெரிதாக அடிபடாமல் தப்பிய பழைய பகுதி. சந்துக்குச் சந்து கோயில், கோயிலுக்குப் பின்னால் கல்லறைகள், கல்லறை மேல் வெயில் காயும் பூனைகள். சன்சாகி என்ற சரிவில் இருக்கும் டாய்என்ஜி கோயிலில் இன்றைக்குச் சாமந்தித் திருவிழாவின் கடைசி நாள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 14, 15 நடக்குமாம். வாசலெல்லாம் தொட்டிகள். கண்ணை மூடிக்கொண்டால் பூக்கடைத் தெருவில் நிற்கிற மாதிரி அதே பச்சை வாசனை.

நான் தேடி வந்தது அங்கே நட்டிருக்கும் இரண்டு கல்லை. ஒன்று சுசுகி ஹாருநொபு என்ற ஓவியருக்கு, இன்னொன்று ஒசென் என்ற டீக்கடைப் பெண்ணுக்கு. இரண்டையும் 1919இல் நட்டார்கள். ஒசென் 1760களில் கசாமொரி இனாரி கோயில் வாசலில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள். ஹாருநொபு அவளைப் படமாகப் போட, படத்தைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்க வந்தார்கள். ஆளைப் பார்த்தவர்கள் படத்தை வாங்கினார்கள். ஒருநாள் கடையில் அவளைக் காணோம். ஊரெல்லாம் வதந்தி. ஷோகுனிடம், அதாவது அன்றைய ராணுவ ஆட்சியாளரிடம், வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஏறக்குறைய அதே சமயத்தில், 1770இல், ஹாருநொபுவும் இறந்துபோனார்.

இந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பாசம். காரணம் காலண்டர். அந்தக் காலத்து ஜப்பானில் எந்த மாதத்துக்கு 30 நாள், எந்த மாதத்துக்கு 29 என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் வசதியுள்ளவர்கள் புத்தாண்டுக்கு மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்துவைத்து, காலண்டர் அச்சடித்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். யாருடையது அழகு என்று போட்டி. 1765இல் அந்தப் போட்டி முற்றித்தான் பல கட்டைகளில் முழு வண்ணத்தில் அச்சிடும் முறை பிறந்தது. நிஷிகி-ஏ என்று பெயர். ஜரிகைப் பட்டு போன்ற படம் என்று பொருள். ஹாருநொபு அதன் முதல் ஆள். டிசம்பர் வந்தால் காலண்டர் வேலையில் தூக்கம் கெட்டுப்போகிற எனக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது.

திரும்பும் வழியில் இசெட்டாட்சு. 1864இல் தொடங்கிய தாள் கடை. கட்டையில் அச்சிட்ட பூவேலைத் தாள் நான்கு வாங்கினேன். இனி கடைக்குள் நுழைவதில்லை என்று முடிவு.

இரண்டாம் நாள், வியாழன்: உவேனோ

டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். மாடியில் பத்தாவது அறை உகியோ-ஏவுக்கும் அந்தக் கால உடைகளுக்கும். 'மிதக்கும் உலகப் படம்' என்று இந்த வார்த்தையைப் பெயர்ப்பார்கள். நாடகக் கொட்டகை, கேளிக்கைத் தெரு, டீக்கடை என்று நிலையில்லாத சுகங்களின் உலகம். அதில் அழகிகளைப் போடும் வகை பிஜின்-கா.

அறை இருட்டாக இருந்தது. இந்தப் படங்களுக்கு வெளிச்சம் விஷம். அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு படங்களை மாட்டுகிறார்கள். நான் பார்க்க வந்தவை எதுவும் இந்த முறை மாட்டியிருக்கவில்லை. 'பொப்பென்' என்ற கண்ணாடி ஊதியை வாயில் வைத்திருக்கும் உட்டமாரோவின் பெண் இல்லை. 'திரும்பிப் பார்க்கும் அழகி'யும் இல்லை. அவளைக் கீழே கடையில் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் பார்த்தேன். வாங்கவும் வாங்கினேன்.

இந்தத் திரும்பிப் பார்க்கும் அழகியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹிஷிகாவா மொரொநொபு 17ஆம் நூற்றாண்டில் வரைந்தது. சிவப்பு உடை, அதில் செர்ரியும் சாமந்தியும், நடந்துகொண்டே பின்னால் ஒரு பார்வை. 1948இல் தபால்தலையாக வந்து, தபால்தலை சேர்க்கும் ஒவ்வொரு ஜப்பானியச் சிறுவனின் ஏக்கமாக இருந்தவள். உகியோ-ஏ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவளும் அவள்தான். ஆனால் அவள் அச்சுப்படமே கிடையாது. பட்டுத்துணியில் தூரிகையால் வரைந்தவள். உலகத்தில் ஒரே ஒருத்தி. அச்சுக்குப் படம் போட்டுப் பெயர் வாங்கியவர்கள் காசுள்ளவர்கள் கேட்டால் இப்படிக் கையாலும் வரைந்து கொடுத்தார்கள். இதற்கு நிக்குஹிட்சு என்று தனிப்பெயர் இருக்கிறது. அப்படியானால் 'கையால் வரைந்த உகியோ-ஏ' என்பது ஆன்லைன் கடைக்காரர்கள் கண்டுபிடித்த சரக்கில்லை. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கு.

அறையில் இருந்தவற்றில் நிக்குஹிட்சு ஒன்றையும் அச்சுப்படம் ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டிலும் முகம் வெள்ளை. ஆனால் ஒரே வெள்ளை மாதிரி இல்லை. ஏன் என்று இன்றைக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி: மெஜிரோ

பிடிபட்டது! ஆனால் வரிசையாகச் சொல்கிறேன்.

மெஜிரோ நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அடாச்சி மரக்கட்டை அச்சு நிலையம். 1928இலிருந்து உட்டமாரோ, ஹொகுசாய், ஹிரோஷிகே படங்களைப் பழைய முறையிலேயே புதிதாகக் கட்டை செதுக்கி மறுபடி அச்சிடுகிறார்கள். விலை பத்தாயிரம் யென்னைத் தாண்டித்தான் ஆரம்பம். உட்டமாரோ காலத்தில் ஒரு படம் ஒன்றிரண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்ட சோபா 900 யென்.

வேலை நடக்கும் விதம் இது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப்படம் மட்டும் போடுவார். அந்தத் தாளைக் கவிழ்த்து மலைச்செர்ரி மரப் பலகையில் ஒட்டுவார்கள். செதுக்குபவர் ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கத்தியால் வெட்டி, கோட்டை மேடாக நிற்க வைப்பார். தாளும் மரத்தோடு சேர்ந்து துருவலாகப் போய்விடும். படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தான் என்றாலும் பலகையைக் கண்ணெதிரே பார்த்தபோது திக்கென்றது. ஓவியர் கையால் போட்ட படம் என்று எதுவும் மிச்சமில்லை. அழிந்தால்தான் அச்சு. உலகத்து மியூசியங்களில் இருக்கும் அத்தனை உட்டமாரோ அச்சுகளும், இல்லாமல் போன ஒரு தாளின் நகல்கள்.

இன்னும் இருக்கிறது. நெற்றியோர முடியை ஓவியர் ஒவ்வொரு இழையாக வரையவே மாட்டார். இங்கே கூந்தல் என்று எல்லையை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடுவார். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பல இழைகளைக் கொண்டுவருவது தலைப்பகுதி மட்டும் செதுக்கும் தலைமைத் தச்சரின் வேலை. உட்டமாரோவின் பெண்களுக்கு முடியால் வந்த அழகில் பாதி, பெயர் தெரியாத தச்சர்களுடையது. என் ஹாலில் இருப்பவளுக்கு ஹெல்மெட் வந்த காரணம் இங்கே இருக்கிறது. அந்த ஆயில் பெயின்டர் முடியைத் தூரிகையில் தேடியிருக்கிறார். அது கத்தியில் இருக்கிறது.

கோட்டுக்கு ஒரு கட்டை, அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. எல்லாம் சரியாகப் பொருந்த, ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் ஒரு 'ட' வடிவ வெட்டும் ஓரத்தில் ஒரு நேர் வெட்டும் இருக்கும். கென்டோ என்கிறார்கள். எங்கள் ரிஜிஸ்டர் மார்க்கேதான்! தாளை அதில் இடித்து வைத்து, முதுகில் பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மூங்கில் உறைநாரை முறுக்கிச் சுருட்டி, மேலே மூங்கில் உறையாலேயே பொதிந்து கட்டிய சாமான். அச்சு இயந்திரம் என்பதே கிடையாது. ஒரு தவணைக்கு இருநூறு தாள் வரை இப்படியே தேய்ப்பார்கள்.

எங்கள் மெஷின்மேன் அண்ணனுக்குக் காட்ட ஆசைப்பட்ட விஷயம் ஒன்று. உட்டமாரோ, ஒரே தாளில் ஒரு பக்கம் பெண்ணின் முன்னழகும் மறுபக்கம் அவளுடைய முதுகும் வருகிற மாதிரிச் சில படங்கள் போட்டிருக்கிறார். வெளிக்கோடு இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். முன்னும் பின்னும் ஒட்டாமல் நோட்டீஸ் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இப்போது முகம். ஒரு படம் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை எப்படி வளர்கிறது என்று வரிசையாகப் பார்த்தேன். பச்சை ஏறியது, சிவப்பு ஏறியது, உதட்டில் ஒரு பொட்டுச் சிவப்பு, பின்னணிக்கு அபிரகப் பொடி. முகம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. முகத்துக்குக் கட்டையே இல்லை! உட்டமாரோ சில படங்களில் தோல் நிறத்தையும் அச்சடித்துப் பார்த்ததுண்டு. ஆனால் பெரும்பாலான படங்களில் அந்தப் பிரசித்தி பெற்ற வெண்முகம் என்பது மை படாத தாள். எச்சிசென் பகுதியில் கொசோ மரநாரில் செய்த ஹோஷோ தாளின் சொந்த நிறம், அதன் சொந்த மென்மை. நிக்குஹிட்சுவில் முகம் பூசிய வெள்ளை. அச்சில் முகம் விட்டுவைத்த வெள்ளை. நேற்று அந்தக் காவலரைக் கவலைப்பட வைத்த புதிர் இதுதான்.

நான்காம் நாள், சனி: ஒரு மாடி அறை

இன்றைக்கு முழுக்கப் படம் வரைந்தேன். முதுகு போய்விட்டது.

மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்டு ஏற்பாடு செய்தது. பழைய படங்களைக் கையால் நகலெடுக்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மா. வயது எழுபதுக்கு மேல். பெயர் வேண்டாம், சென்செய் (ஆசிரியர்) என்றே எழுதுகிறேன். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், எனக்கு ஜப்பானியம் பூஜ்யம், நடுவில் போன்.

நகலெடுப்பதற்கு மோஷா என்று பெயர். ஜப்பானில் அது தனிப் படிப்பு. மூலத்தின்மேல் தாளை வைத்து ஊடுருவித் தெரிவதை வரைவது ஒரு முறை. பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைவது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னை ஆட்டிவைத்தது: அகெ-உட்சுஷி. மூலத்தின்மேல் மெல்லிய தாளைப் போட்டு, அதன் அடிப்பக்கத்தை ஒரு கோலில் சுற்ற வேண்டும். இடது கையால் சுருளை மேலே உருட்டினால் மூலம் தெரியும். கீழே இறக்கினால் மறையும். உருட்டி, பார்த்து, இறக்கி, கண்ணுக்குள் அந்தக் கோடு கரைவதற்குள் போட்டுவிட வேண்டும். சென்செய்யின் இடது கை தாயம் உருட்டுகிற மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. என் கை இறங்குவதற்குள் எனக்குக் கோடு மறந்துபோனது.

நான் எடுத்துக்கொண்டது ஒகிட்டாவின் படம். மூலம் அல்ல, மறு அச்சு ஒன்று. ஒகிட்டா அசாகுசாவில் டீக்கடை நடத்திய குடும்பத்துப் பெண். உட்டமாரோ 1793 வாக்கில் போட்ட மூன்று அழகிகளில் ஒருத்தி. மூன்று முகமும் முதலில் ஒன்றுபோலத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் மூக்கும் கண்ணும் வேறு வேறு என்று தெரியவரும்.

வரைய ஆரம்பிக்கும் முன் சென்செய் ஒரு கேள்வி கேட்டார். "இன்றைய ஒகிட்டாவா, அன்றைய ஒகிட்டாவா?"

விளையாட்டுக் கேள்வியில்லை. பழைய படத்தை அது இப்போது இருக்கிறபடி, கறை, கிழிசல், வெளுப்பு எல்லாவற்றோடும் எடுப்பது ஒருவகை மோஷா. வரைந்த அன்று எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து அந்த நிறத்தில் எடுப்பது இன்னொரு வகை. உகியோ-ஏவில் இந்த வித்தியாசம் பயங்கரமானது. நம் ஊர்க் கானாவாழை மாதிரி ஒரு சின்ன நீலப்பூ, அவர்கள் ட்சுயுகுசா என்பார்கள், அதிலிருந்து எடுத்த நீலம் வெளிச்சத்தில் ஓடிப்போய்விடும். அந்த நீலத்தோடு குசும்பாப்பூச் சிவப்பைக் கலந்து செய்த ஊதா பழுப்பாகிவிடும். நாம் புத்தகங்களில் பார்த்து 'ஆகா, என்ன அடக்கமான நிறம்' என்று மெச்சுகிற மண்நிறங்களில் பல, வெளுத்துப்போன ஊதாக்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் 6,500 அச்சுகளைக் கொடுத்தபோது, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால்தான் அங்கே ஊதா இன்னும் ஊதாவாக இருக்கிறது. யாரும் பார்க்காததால் பிழைத்த அழகிகள்.

நான் அன்றைய ஒகிட்டா என்றேன். ஆசை யாரை விட்டது.

அப்புறம் வெள்ளை தயாரிப்பு. கோஃபுன் என்பது பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த சிப்பியை அரைத்த பொடி. அதில் நிக்காவா பசையை ஊற்றிப் பிசைய வேண்டும். நிக்காவா விலங்குத் தோலிலிருந்து காய்ச்சியது. சூடாக்கும்போது வரும் நாற்றத்தைப் பற்றிச் சைவர்களிடம் சொல்லாமல் விடுகிறேன். மாவை உருண்டையாக்கி, பீங்கான் தட்டில் ஓங்கி அடிக்க வேண்டும். நூறு முறை. அப்போதுதான் பொடிக்குள் பசை ஏறும். 'நூறு அடி' என்றே இதற்குப் பெயர். நான் தமிழில் எண்ணினேன். அறுபதுக்கு மேல் கீழ்வீட்டுக்காரர்களை நினைத்துக் கூச்சமாகிவிட்டது. சென்செய் விடவில்லை.

இவ்வளவு பாடுபட்டு வெள்ளை செய்தபின் கேட்டேன், "அச்சில் முகம் வெறும் தாள்தானே, நாம் எதற்குப் பூச வேண்டும்?" அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்காகத்தான் அடிக்க வைத்தாராம். கையால் நகலெடுப்பவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு அதுதான். தாளை விட்டுவைத்தால் நீ அச்சுக்கு உண்மையாக இருக்கிறாய். பூசினால் உட்டமாரோ பட்டில் வரைந்திருந்தால் எப்படி வரைந்திருப்பாரோ, அங்கே போகிறாய். பட்டில் வரையும்போது சில சமயம் முகத்துக்குப் பின்பக்கமிருந்தும் வெள்ளை பூசுவார்கள். நெசவின் இடுக்கு வழியே உள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு வெளுப்பு கிடைக்கும். இரண்டுங்கெட்டானாக ரோஸ் கலந்து நிழல் போட்டால் இரண்டும் இல்லை. என் ஹாலில் இருப்பவளின் போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "கையை நன்றாக வரைந்திருக்கிறார்" என்றார். நாகரிகமான அம்மா.

முடிக்கு மென்சோ தூரிகை. முகக்கோட்டுக்கென்றே இருக்கும் மெல்லியது. கத்தி இரண்டு வெட்டில் செய்வதைத் தூரிகை ஒரே இழுப்பில் செய்ய வேண்டும். மூச்சை நிறுத்தி, இழுத்து, விட்டு, மறுபடி. மாலை நான்கு மணிக்குள் நெற்றியோரத்தில் நாற்பது இழை போட்டேன். அதில் ஏழு தேறும் என்றார். ஏழு என்பது என் காதில் பாராட்டாகவே விழுந்தது.

கை ஓய்ந்த நேரத்தில் வான் கோக் பேச்சு வந்தது. 1887இல் பாரிஸில் அவர் செய்ததும் இதே வேலை. எய்சென் என்பவர் போட்ட கணிகைப் படம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் 1886 அட்டையில் வந்திருந்தது. அதன்மேல் தாள் வைத்துக் கோடெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, ஆயில் பெயின்டில் வரைந்தார். பத்திரிகைக்காரர்கள் படத்தை இடம்வலமாகத் திருப்பி அச்சடித்திருந்தார்கள். அதனால் வான் கோக்கின் கணிகையும் எய்சென் போட்ட திசைக்கு எதிர்த்திசையில் நிற்கிறாள். சுற்றிலும் அல்லிக்குளம், தவளை, கொக்கு என்று அவரே சேர்த்துக்கொண்டார்; அந்தக் காலப் பாரிஸில் கொக்கும் தவளையும் கணிகையருக்கு வழங்கிய கொச்சைப் பெயர்கள். உடையின் வண்ணத்தைக் கட்டிக் கட்டியாக அப்பியிருக்கிறார். அச்சு மாதிரி இருக்க வேண்டும் என்ற கவலையே இல்லை. ஆயில் பெயின்டில் போட்டதெல்லாம் மட்டம் என்பதுபோல நான் முதல் நாள் எழுதியதை இதோ திருத்திக்கொள்கிறேன்.

கிளம்பும்போது சென்செய் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. நாராவின் ஹோர்யூஜி கோயில் சுவரோவியங்களைப் பல வருடமாக ஓவியர்கள் கையால் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1949 ஜனவரி 26 அன்று, மண்டபத்தில் தீப்பிடித்து மூலங்கள் கருகிப்போயின. இன்று அந்தச் சுவர்களில் இருப்பவை 1960களில் வரைந்த நகல்கள். அடுத்த வருடமே கலைச்செல்வங்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: யுராக்குச்சோ, அசாகுசா

மாதத்தில் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் டோக்கியோ சர்வதேச மன்றத்தின் முற்றத்தில் பழம்பொருள் சந்தை கூடும். பெட்டி பெட்டியாக உகியோ-ஏ. முக்கால்வாசி பிற்காலத்து மறு அச்சுகள். கொஞ்சம் ஆஃப்செட், அச்சகத்தில் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்து வந்திருந்தேன், வைத்த உடனே நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். கட்டை அச்சென்றால் தாளைத் திருப்ப வேண்டும். நிறம் பின்பக்கம் ஊறியிருக்கும், பாரென் தேய்த்த வட்டத் தடம் இருக்கும்.

ஒரு பெட்டியின் அடியில், ஓரம் அரித்துப்போன ஒரு தாள். லென்ஸில் புள்ளி இல்லை. பின்பக்கம் தடமும் இல்லை. நிறம் முன்பக்கத்தோடு நின்றிருந்தது. நிறத்தின் ஓரங்களில் மட்டும் நீர் காய்ந்த கருமை. தூரிகை! கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கையால் எழுதுகிற மாதிரி காற்றில் காட்டி, "தெ-காகி" என்றார். ஏமாற்றவில்லை. 2,000 யென். யார், எப்போது வரைந்தது என்று அவருக்கும் தெரியாது.

உடையில் பவுலோனியா மரத்தின் இலை முத்திரை. ஒகிட்டாவின் அடையாளம் அது. நேற்று நாள் முழுக்க நான் அழித்து அழித்துப் போட்ட அதே பெண். முடியை இவரும் கெடுத்துவிட்டார். இழைகள் சீப்புப் பல் மாதிரி விறைத்து நிற்கின்றன. ஆனால் காது! ஒரே மூச்சில் போட்ட மூன்று கோடு. முகத்துக்கு வெள்ளை பூசவில்லை, தாளை விட்டிருக்கிறார். பேரம் பேசவில்லை.

அந்தக் கையோடு அசாகுசா போனேன். சென்சோஜி கோயிலின் முன்வாசல் கூட்டத்தை விட்டு, கிழக்குப் பக்கம் இருக்கும் நிட்டென்மோன் வாசலுக்கு. 1618இல் கட்டியது, பூகம்பத்துக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி நிற்கிறது. அந்தக் காலத்தில் இதற்கு சுய்ஜின்மோன் என்று பெயர். ஒகிட்டாவின் நானிவாயா டீக்கடை இதன் அருகில்தான் இருந்தது. இப்போது வாசலுக்கு வெளியே சைக்கிள்கள், ஒரு தானியங்கி இயந்திரம். 140 யென் போட்டு அதில் ஒரு புட்டி தேநீர் வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய?

1793இல் அரசாங்கம் ஒரு தடை போட்டது: கணிகையர் தவிர வேறு பெண்களின் பெயரை அச்சுப்படத்தில் போடக் கூடாது. உட்டமாரோ விடுகதை போட்டார். படத்தின் மூலையில் இரண்டு கட்டு கீரை, ஒரு அம்பு, கரைக்கு அப்பால் கடல், ஒரு வயல். கீரை 'ந', இரண்டு கட்டு 'நி-வா', அம்பு 'யா', நடுக்கடல் 'ஒகி', வயல் 'தா'. நானிவாயா ஒகிட்டா! 1796இல் விடுகதைக்கும் தடை வந்தது. 1800இல் பெண்களின் முகத்தைப் பெரிதாகப் போடுவதே கூடாது என்றார்கள். டீக்கடைப் பெண்ணின் முகத்தைக் கண்டு ஒரு அரசாங்கம் இப்படிப் பயந்திருக்கிறது.

ஆறாம் நாள், திங்கள்: கராசுயாமா

விமானம் இரவில். காலையில் கேயோ ரயிலில் சிட்டோசெ-கராசுயாமா. பூகம்பத்துக்குப் பிறகு நகரத்துக்குள்ளிருந்து இடம்பெயர்ந்த கோயில்கள் வரிசையாக இருக்கும் தெரு. அதில் சென்கோஜி கோயிலில் உட்டமாரோவின் கல்லறை. 1804இல் ஹிதெயோஷி என்ற பழைய தலைவரைப் படமாகப் போட்ட குற்றத்துக்காக அவரைப் பிடித்துக் கையில் விலங்கு மாட்டினார்கள், 50 நாள். விலங்கு மாட்டியது வரைகிற கையில். இரண்டு வருடத்தில், 1806இல், போய்ச் சேர்ந்தார்.

சின்னக் கல்தான். யாரோ ஊதுவத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்து நிமிடம் நின்றேன். மழை தூறியது, கிளம்பிவிட்டேன்.

இப்போது விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அட்டைக் குழாய்க்குள் இரண்டு ஒகிட்டா. ஒருத்திக்குக் காது நன்றாக இருக்கிறது, இன்னொருத்திக்கு முடியில் ஏழு இழை. பெட்டியில் சென்செய் கொடுத்த கோஃபுன் ஒரு பொட்டலம், ஊரில் பழகிப் பார்க்கச் சொல்லி. பளீரென்ற வெள்ளைப் பொடி, மேலே ஒரு வார்த்தை எழுதாத பிளாஸ்டிக் பை. கஸ்டம்ஸில் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். முகத்துக்குப் பூசுகிற வெள்ளை என்று சொல்லலாம். பொய்யில்லையே.